டியூப் லைட் தோட்டமும் விழிஞ்ஞத்து உறைமோரும்

நவம்பர் மாதம் பிறந்தால் போதும், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு ஒரே விஷயம்தான். "அண்ணே, கறிவேப்பிலைச் செடிக்கு எந்த லைட்டு வாங்கணும்?" இங்கே மினசோட்டாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போனாலும் கூடத்து ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டி இருக்கும். அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி, பாதி இலை உதிர்ந்து, "என்னை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்" என்று கேட்பது மாதிரி நிற்கும்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் அதற்கு முன்னால் நாகர்கோவிலில் விலங்கியல் படித்தேன் (வீட்டில் யாரும் அதைப் படிப்பாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை). அந்தப் படிப்பில் உருப்படியாக மனதில் தங்கிய காட்சி ஒன்று உண்டு. அது விழிஞ்ஞத்தில் பார்த்த ஒரு டியூப் லைட் அறை. எந்த லைட் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழிஞ்ஞம் தெரியாதவர்களுக்காக: திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பதினாறு கிலோமீட்டர் போல வரும், கோவளத்தை ஒட்டிய மீனவர் ஊர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் பெரிய துறைமுகம்தான் நினைவுக்கு வரும். 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதி துறைமுகத்தை முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஆனால் ஊர் புதிதல்ல. ஆய் அரசர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்துப் பிடித்த இடம். அங்கே பாறையைக் குடைந்து செய்த சிறு கோயில் இன்றும் இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு விழிஞ்ஞம் வேற்று மாநிலம் என்ற நினைப்பே கிடையாது. களியக்காவிளை தாண்டி, பாலராமபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறினால் விழிஞ்ஞம். அவ்வளவுதான்.

1993இல் கல்லூரியிலிருந்து எங்களை அங்கே கூட்டிப் போனார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று விழிஞ்ஞத்தில் உண்டு. அந்த நிலையம் 1947இல் தொடங்கியது, அதன் தலைமையிடம் முன்பு நம்ம மண்டபத்தில் இருந்தது. பிறகுதான் தலைமையிடம் கொச்சிக்குப் போனது. நாங்கள் மீன் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனோம். முதலில் காட்டியது ஒரு குளிரூட்டிய சின்ன அறை. சுவர் முழுக்கக் கண்ணாடித் தட்டுகள், தட்டுகளுக்குப் பின்னால் டியூப் லைட்டுகள், தட்டுகளின் மேல் வரிசை வரிசையாகக் குடுவைகள். குடுவைக்குள் தண்ணீர். சிலதில் பச்சை, சிலதில் தேன் நிறம், சிலதில் காப்பி டிகாக்ஷனை நீர்க்கவிட்டது போல ஒரு பழுப்பு.

"இதுதான் இங்கே தோட்டம். மற்றதெல்லாம் இதைத் தின்று வளர்றது" என்றார் எங்களைக் கூட்டிப் போன ஆசிரியர்.

அது நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் தாவரம். எங்களில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். வெளியே கண் கூசுகிற வெயில், வருடம் முழுக்க இலவசம். அப்படியிருக்க அறையைப் பூட்டிக்கொண்டு, ஏசி போட்டு, டியூப் லைட்டில் ஏன் தாவரம் வளர்க்க வேண்டும்?

அதற்குப் பதில் முத்தில் இருக்கிறது.

நம்மூர் முத்துக்குளிப்புக் கதை எல்லோருக்கும் தெரியும். கொற்கை காலம் தொட்டு மன்னார் வளைகுடாப் பார்களில் மூழ்கி முத்துச்சிப்பி எடுத்தார்கள். ஆனால் சிப்பி எல்லா வருடமும் பாரில் இருக்காது. பத்து, இருபது வருடம் ஒன்றுமே இல்லாமல் போகும். திடீரென்று ஒரு தடவை பெருகும். அப்போது சலாபம் நடக்கும். தூத்துக்குடியில் 1955இல் தொடங்கித் தொடர்ச்சியாக நடந்த முத்துக்குளிப்பு 1961இல் நின்றது. அதோடு சரி.

கடல் கொடுக்காததை நாம் வளர்க்கலாம் என்று இறங்கியவர்கள் நம் விஞ்ஞானிகள். 1973 ஜூலையில் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் கே. அழகர்சாமி தலைமையில் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். சிப்பியின் உடம்புக்குள் ஒரு சின்ன மணியையும் இன்னொரு சிப்பியின் திசுத் துண்டையும் வைத்து, அதைச் சுற்றி முத்துப் படலம் படிய வைக்கும் வேலை அது.

முத்து வந்துவிட்டது. ஆனால் மணி வைக்கச் சிப்பி வேண்டுமே? பாரை நம்ப முடியாது. விழிஞ்ஞம் துறைமுகக் குடாவில் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் தானாக வந்து ஒட்டுவதைப் பார்த்து அங்கேயும் சேகரித்தார்கள். அதே குடாவில் 1970களில் மிதவை கட்டி, கயிற்றில் சிப்பி (நாம் தின்கிற கல்லுமக்காய்) வளர்த்துப் பார்த்த அனுபவமும் இருந்தது. ஆனாலும் இயற்கை கொடுத்தால்தான் உண்டு என்கிற நிலை மாறவில்லை. கடைசியில் 1981இல் தூத்துக்குடியில் முத்துச்சிப்பியைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள்.

இங்கேதான் நம்ம டியூப் லைட் வருகிறது. முட்டை பொரிந்து ஏறக்குறைய ஒரு நாளில் சிப்பிக்குஞ்சுக்கு ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஓடு வரும். அப்போது அதன் அளவு சுமார் 67 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. அது நீந்தி, கண்புள்ளி வந்து, கால் முளைத்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதன் வாய்க்குள் போகிற உணவு ஒன்றுதான்: ஐந்தாறு மைக்ரான் அளவுள்ள நுண்பாசி. முதல் நாட்களில் ஒரு குஞ்சுக்கு நாளுக்கு சுமார் 5,000 செல் என்று கணக்கு. பத்து லட்சம் குஞ்சு இருந்தால் 500 கோடி செல். நன்றாக வளர்ந்த பாசியில் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் செல் இருக்கும். ஆக தினமும் ஐந்து லிட்டர். குஞ்சு வளர வளர இது ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் பாசி செத்துப்போனால் அத்தனை குஞ்சும் பட்டினி.

அவர்கள் பெரிதும் நம்பிய பாசியின் பெயர் ஐசோகிரைசிஸ் கால்பானா. தேன் நிறக் குடுவையில் இருந்தது அதுதான். இதன் கதையும் சுவாரஸ்யமானது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மான் தீவின் போர்ட் எரின் கடல் ஆய்வு நிலையத்தில், 1938இல் மேரி பார்க் என்ற பெண் விஞ்ஞானி இதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். ஆளிச்சிப்பிக் குஞ்சுகளுக்கு இது நல்ல உணவு என்று 1940இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். பிறகு வேல்ஸ் நாட்டுக் கான்வே ஊரில் இருந்த மீன்வள நிலையத்தில் பீட்டர் வால்னி என்பவர் பாசிக்கான உரக்கலவை ஒன்றைச் சீர்செய்தார். அதைத்தான் 'கான்வே ஊடகம்' என்று நம்மூர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் சொல்கிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட், பாஸ்பேட், கொஞ்சம் இரும்பு, துத்தநாகம், தாமிரம், அதன் மேல் பி1, பி12 வைட்டமின். காய்ச்சி ஆறவைத்த கடல்நீரில் லிட்டருக்கு ஒரு மில்லி. அவ்வளவே.

சரி, வெயில் இருக்க டியூப் லைட் ஏன்? அறையில் இருப்பது அறுவடைக்கான பயிர் இல்லை. அது விதை. மூலக் குடுவையில் ஒரே இனப் பாசி மட்டும் இருக்க வேண்டும். வேறு பாசியோ, பாசியைத் தின்னும் நுண்ணுயிரோ நுழைந்தால் கதை முடிந்தது. அதற்குத்தான் மூடிய அறை. வெயிலில் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் உள்ள குடுவை அரை மணியில் கொதித்துவிடும். ஜூன் மாதம் பருவமழை பிடித்தால் வெயில் என்பதே நாள்கணக்கில் இருக்காது. கடலும் கலங்கிப் போகும். விதைக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. அதனால் சுமார் 25 டிகிரி, ஆயிரம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். அதில் நூறில் ஒரு பங்குதான் இது. வேகமாக வளர்ப்பதற்கு அல்ல, சாகாமல் வைத்திருப்பதற்கு.

பாசிக்கு ஆயுசு கொஞ்சம். புதுக் குடுவையில் ஊற்றியதும் சில நாள் சும்மா இருக்கும். பிறகு மளமளவென்று பெருகும். அப்புறம் நிற்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் அடியில் படிந்து செத்துவிடும். அதனால் சாவதற்கு முன் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவையில் ஊற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்காக, ஆள் மாறினாலும் வேலை மாறாமல். இதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் உறைமோர் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. ஒருநாள் மறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓட வேண்டும். இங்கே வந்த புதிதில் நாம் எல்லோரும் "உங்க வீட்ல நல்ல உறைமோர் இருக்கா?" என்று அலைந்தவர்கள்தானே :-)

பெருக்குவதற்கு மட்டும்தான் வெளியே போகும். குடுவையிலிருந்து பெரிய கண்ணாடிக் குப்பி, குப்பியிலிருந்து நூறு லிட்டர் தொட்டி, அங்கிருந்து திறந்தவெளியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. அங்கே விலை உயர்ந்த கான்வே கலவையெல்லாம் கிடையாது. கடலைப் புண்ணாக்கு, யூரியா, சூப்பர் பாஸ்பேட். வெளிச்சத்துக்குச் சூரியன். வயலில் செய்கிற அதே வேலைதான், பயிர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

அறையை விட்டு வெளியே வந்தால் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கான்கிரீட் கட்டடம் கடலுக்குள் நின்றது. அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம். சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் வடிவமைத்தது. 1991இல் ஓட ஆரம்பித்தது. 150 கிலோவாட் திறன். அலை உள்ளே ஏறி இறங்கும்போது மேலே அடைபட்ட காற்று விசிறியைச் சுற்றும். மழைக்காலத்தில் நன்றாக ஓடும், கடல் அமைதியானால் சோர்ந்துவிடும். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஊரில், ஒரு பக்கம் கடலிலிருந்து கரண்டு எடுத்தார்கள், இன்னொரு பக்கம் கரண்டை வைத்துக் கடலின் விதையைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. மதியம் மீன் சாப்பாடு எங்கே என்பதுதான் எங்கள் கவலை.

செடிக்குச் செயற்கை வெளிச்சம் என்ற யோசனை விழிஞ்ஞத்துக்கும் நூறு வருடம் முந்தியது. 1880இல் வில்லியம் சீமென்ஸ் (ஆமாம், அந்தச் சீமென்ஸ் குடும்பம்தான்) இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் ராத்திரி முழுக்க வில்விளக்கு எரியவிட்டு, கடுகு, கேரட், வெள்ளரி எல்லாம் வேகமாக வளர்வதைக் காட்டினார். மூடாத விளக்கின் கீழ் இலை கருகியது, கண்ணாடி போட்டு மூடினால் தப்பித்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெய்லி 1890களில் இதையே சோதித்தார்.

1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலைச் செடியை வைத்து இன்னொரு உண்மையைக் கண்டார்கள். வெளிச்சம் செடிக்குச் சாப்பாடு மட்டுமல்ல, காலண்டரும்கூட. பகல் எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துத்தான் சில செடிகள் பூப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றன. சாமந்தி வளர்ப்பவர்கள் ராத்திரியில் பல்பு போட்டு, "இன்னும் கோடைதான்" என்று செடியை ஏமாற்றிப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

1938இல் டியூப் லைட் சந்தைக்கு வந்தது. மேரி பார்க் பாசியைப் பிரித்த அதே வருடம். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகப் போய்விடும். டியூப் லைட்டில் சூடு குறைவு, குடுவைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். வீட்டுக்குள் செடி வளர்ப்பதைச் சாதாரண ஜனங்களுக்குச் சாத்தியமாக்கியது இதுதான். 1980களின் கடைசியில் எங்கள் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், விண்வெளியில் செடி வளர்ப்பதற்காகச் சிவப்பு எல்.இ.டி.யைச் சோதித்தார்கள். 1993இல், நான் விழிஞ்ஞம் போன அதே வருடம், ஜப்பானில் நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை வெளியிட்டார். அதற்காக அவருக்கும், அகசாகி, அமானோ என்ற இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது டியூப் லைட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதில் பாதரசம் இருப்பதால் 2027க்குள் உற்பத்தியை நிறுத்த உலக நாடுகள் 2023இல் ஒப்புக்கொண்டன.

இனி கறிவேப்பிலை.

இங்கே எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருத்தர் இருக்கிறார். இருபது வருடமாக ஒரே கறிவேப்பிலைச் செடியை வளர்த்து வந்தவர். பக்கக் கன்று விட்டால் பிரித்து நாலு வீட்டுக்குக் கொடுப்பார். இந்தியாவிலிருந்து கறிவேப்பிலை கொண்டுவர இங்கே அனுமதி கிடையாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற சைலிட் என்ற பூச்சிக்குக் கறிவேப்பிலையும் ஒரு வீடு என்பதால் அந்தத் தடை. ஆக, செடிக்கு அக்கா வீடுதான் எங்களுக்கெல்லாம் மூலக் குடுவை.

எனக்குக் கொடுத்த முதல் கன்றை ஜன்னல் ஓரம் வைத்தேன். வெயில் வருகிறதே என்ற தைரியம். இலை உதிர ஆரம்பித்ததும் பயந்து தண்ணீர் ஊற்றினேன், உரமும் போட்டேன். ஜனவரியில் செத்துவிட்டது. விழிஞ்ஞத்தில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அந்த வெளிச்சமும் சாய்ந்து, மேகத்தில் வடிகட்டி, இரட்டைக் கண்ணாடி தாண்டி வருகிறது. கண்ணாடியை ஒட்டிய குளிர் வேறு. பட்டினி கிடந்த செடிக்கு நான் தண்ணீரும் உரமும் கொடுத்திருக்கிறேன். பசித்த பிள்ளைக்குச் சோறு போடாமல் பசிமருந்து கொடுத்த கதை.

அடுத்த வருடம் அக்காவிடம் கூச்சத்தோடு இன்னொரு கன்று வாங்கினேன். அப்போதுதான் அந்த அறை ஞாபகம் வந்தது. நிலவறையில் நாலடி டியூப் லைட் இரண்டு மாட்டி, டைமர் வைத்து, செடியைக் கீழே வைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அது இரண்டே இரண்டு கொழுந்துதான் விட்டது. ஆனால் சாகவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் அக்கா குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். மைனஸ் இருபத்தைந்து டிகிரி நாளில் அவர்கள் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது இருபது வருடச் செடி கருகிய குச்சியாக நின்றது. தொலைபேசியில் அழுதார். செடி நட்ட வருடம்தான் அவர் மூத்த பிள்ளை பிறந்தான், அது அவருக்கு வெறும் செடி இல்லை. "வேர்ல ஏதாவது உயிர் இருக்குமா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் நிலவறையில் அதன் கன்று இருந்தது. மே மாதம் அதன் பக்கக் கன்றைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்று அவர் வீட்டில் நிற்பது அந்தப் பழைய செடியேதான். வேறு வீடு போய்த் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாசியை ஒரே குடுவையில் வைக்கமாட்டார்கள். நாலைந்து குடுவை இருக்கும். முடிந்தால் வேறொரு ஊரிலும் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று.

ஆக, எந்த லைட் என்று கேட்பவர்களுக்கு. வெள்ளை எல்.இ.டி. போதும். ஊதா நிறத்தில் எரியும் விலை உயர்ந்த விளக்குதான் வேண்டும் என்பதில்லை. பச்சை வெளிச்சத்தையும் இலை பயன்படுத்துகிறது என்று மெக்ரீ என்பவர் 1972இலேயே இருபத்திரண்டு பயிர்களில் அளந்து காட்டிவிட்டார். விளக்கைச் செடியிலிருந்து ஓர் அடிக்குள் வையுங்கள். பல்பு என்றால் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். பாசியின் விதைக்கு ஆயிரம் லக்ஸ் போதும், கறிவேப்பிலைக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். கூடத்து விளக்கில் இருநூறு, முந்நூறுதான் இருக்கும். டைமர் போட்டுப் பன்னிரண்டிலிருந்து பதினாலு மணி நேரம். ராத்திரி இருட்டு வேண்டும். ஜன்னல் குளிரிலிருந்து தள்ளி வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஏப்ரல் வரை உரம் வேண்டாம்.

முக்கியமாக, குளிர்காலத்தில் அது வளரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்த விளக்கு வளர்ப்பதற்கு இல்லை, வசந்தம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. வெயில் வந்தால் வெளியே வையுங்கள், தானே வளரும்.

கன்று விட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். தர்மத்துக்கு இல்லை, உங்களுக்காகத்தான்.